பத்து நிமிடத்தில் முடிந்த புத்தகம்

மேசைமேல் கிடந்த 'ஹியர்' என்ற புத்தகத்தை எடுத்துப் புரட்டிய நண்பர், நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் அதை மூடி வைத்துவிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். தமிழ் நாவல்களை நாற்பது வருடங்களாகப் படித்து வருபவர். "முடிச்சுட்டேன் தம்பி. படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். குத்திக்காட்டும் தொனி இல்லை, உண்மையாகவே கேட்டார். என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். "இல்ல தம்பி, பேத்திக்கு வாசிக்கிற பழக்கம் வரணும்னா இந்த மாதிரிதான் ஆரம்பிச்சுவிடணும். மொதல்ல காமிக்ஸ், அப்புறம் கதைப் புத்தகம், அப்புறம் நாவல்" என்று கையால் ஒவ்வொரு படியாக ஏற்றிக் காட்டினார்.

அந்தக் கை ஏறிய விதம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

காமிக்ஸை 'பொம்மை புக்' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. அவர்கள் படிக்காமல் பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். என் வழக்கு காமிக்ஸைப் பாராட்டுகிறவர்களோடு. புத்தகக் காட்சி மேடையில், பள்ளி விழாவில், பெற்றோருக்கான அறிவுரைகளில் 'காமிக்ஸ் வாசிப்பின் முதல் படி' என்ற வாக்கியம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுகிறது. கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். முதல் படி என்றால் அதில் கால் வைத்தபின் மேலே போய்விட வேண்டும், நாற்பது வயதில் ஒருவர் அங்கேயே நின்றால் அவருக்கு ஏற முடியவில்லை என்று பொருள். வசை சொல்ல முடியாத அவமானத்தை இந்தப் பாராட்டு சொல்லிவிடுகிறது.

அவர்கள் தரப்பு நியாயத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்கிறேன். 'அவள் வாசலிலேயே நின்றாள்' என்று எழுத்தில் படிக்கும்போது அந்த வாசலை, அவள் நிற்கும் விதத்தை, புடவையின் நிறத்தை நான்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். படத்தில் எல்லாம் தயாராக இருக்கிறது. ஆகவே எழுத்து வாசகனிடம் உழைப்பைக் கேட்கிறது, படம் அந்த உழைப்பிலிருந்து விடுவிக்கிறது. குழந்தைக்கு விடுதலை தேவை, பெரியவருக்கு உழைப்பு தேவை. ஏணிக் கொள்கை முழுவதும் இந்த ஒரு வாதத்தின் மேல்தான் நிற்கிறது.

இது தவறு. காமிக்ஸில் வாசகனின் கற்பனை வேலை செய்யும் இடம் படம் என்று எண்ணுவதால் வரும் தவறு. அது வேலை செய்வது இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில். ஸ்காட் மெக்லௌட் 1993இல் வெளியிட்ட, காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸாகவே எழுதிய புத்தகத்தில் இதை இரண்டே கட்டங்களில் காட்டிவிடுகிறார். முதல் கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான், எதிரே இன்னொருவன் அலறுகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேரத்து நகரமும் ஒரு கூச்சலும் மட்டும். கோடரி இறங்கியதை ஓவியர் வரையவே இல்லை. அதை இறக்கியது வாசகன். எங்கே விழுந்தது, எத்தனை முறை விழுந்தது என்பதெல்லாம் அவன் முடிவு. வாசலையும் புடவையையும் கொடுத்துவிட்டு, நடந்ததை நம்மிடம் விட்டுவிடுகிற கலை இது. நாவல் விட்டுவைக்கும் இடம் வேறு, காமிக்ஸ் விட்டுவைக்கும் இடம் வேறு. எது உழைப்பு என்ற போட்டியே இங்கு எழவில்லை.

கடந்த சில மாதங்களில் படித்தவற்றுள் என்னை அதிகம் வேலை வாங்கியது ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்'. இரண்டாம் முறை படித்தேன். போலந்து யூதரான தன் தந்தை விளாடெக், நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய கதையை மகன் கேட்டுக் கேட்டு வரைந்தது. யூதர்கள் எலிகளாக, ஜெர்மானியர்கள் பூனைகளாக வருவார்கள் என்பது படிக்காதவர்களுக்கும் தெரிந்த செய்தி. முதல் பாகம் 1986இல், இரண்டாம் பாகம் 1991இல் வந்தன. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. இந்தச் செய்திகளோடு நம் அறிமுகக் கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. இரண்டாம் பாகத்தின் ஒரு பக்கத்தைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்திருந்தேன், என் கண்ணில் படவில்லை. நானே சொல்கிறேன்.

ஆஷ்விட்ஸ் முகாம் வாசலில் கைதிகளைக் கொண்டே ஓர் இசைக்குழுவை வாசிக்கவைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அந்த இசைக்கு அடிவைத்து நடக்க வேண்டும். இது ஆவணங்களில் பதிவான செய்தி. ஸ்பீகல்மேன் ஒரு கட்டத்தில் அதை வரைகிறார்: வாசல், நடந்து போகும் கைதிகள், பின்னால் வாத்தியங்களோடு குழு. பிறகு அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்கிறார். தனக்கு அப்படி ஒரு குழு நினைவில்லை, நடந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது என்கிறார் தந்தை. மகன் ஆவணங்களைச் சொல்கிறார். தந்தை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கட்டத்தில் மறுபடி அதே வாசல். இப்போது கைதிகளின் வரிசை இசைக்குழுவை மறைத்துவிட்டது. தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனிகள் மட்டும் கொஞ்சம் தெரிகின்றன.

அவ்வளவுதான். விளக்கம் ஏதும் இல்லை. வேகமாகப் புரட்டினால் ஒரே படம் இரண்டு முறை வந்ததாகத் தோன்றும். நின்று பார்த்தால் வரலாற்றுக்கும் நினைவுக்கும் நடக்கும் சண்டை அங்கே தீர்க்கப்படாமல் நிற்கிறது. மகன் தந்தைக்கு விட்டுக்கொடுக்கிறான், ஆனால் வாத்திய நுனிகளை அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு மகனின் மரியாதையும் பிடிவாதமும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கின்றன. உரைநடையில் இதைச் சொல்ல முடியும். சொல்லியாக வேண்டும் என்பதுதான் அங்கே சிக்கல். 'அவர் மறுத்தாலும் நான் நம்பினேன்' என்று எழுதிய அடுத்த நொடி மகன் ஜெயித்துவிடுவான். படத்தில் யாரும் ஜெயிக்கவில்லை.

இதை முதல் படி என்று எந்தக் கணக்கில் சொல்வது?

இனி நண்பர் பத்து நிமிடத்தில் மூடிய புத்தகத்துக்கு வருகிறேன். ரிச்சர்ட் மெக்குவைர் 1989இல் 'ரா' இதழில் ஆறு பக்கத்துக்கு ஒரு சித்திரக்கதை வரைந்தார். 25 வருடங்கள் கழித்து, 2014இல் அதையே ஏறக்குறைய 300 பக்கப் புத்தகமாக்கினார். முழுப் புத்தகத்திலும் ஒரே இடம்தான்: ஒரு வீட்டுக் கூடத்தின் மூலை. புத்தகத்தின் நடுமடிப்பே சுவர்கள் சேரும் மூலையாக அமைந்திருக்கிறது. இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் கணப்படுப்பு. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு வருடம் எழுதியிருக்கிறது. 1957இன் கூடத்துக்குள் சிறு சதுரமாக வேறொரு வருடம் திறக்கிறது, அதன் பக்கத்தில் இன்னொன்று. வீடு கட்டுவதற்கு முன்னிருந்த காடு, அதற்கும் முன்னிருந்த சதுப்பு, வருங்காலத்தில் ஜன்னல் வழியாகப் புகும் வெள்ளம், எல்லாம் அந்த ஒரே மூலையில். விரித்த இரண்டு பக்கங்களில் வெவ்வேறு காலத்து ஆட்கள் தாங்கள் தொலைத்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. பல பத்தாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள். ஆனாலும் ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொன்னதுபோல் காதில் விழுகிறது.

எழுத்து வரிசையில்தான் வரும். 'அதே நேரத்தில்' என்று எழுதினாலும் அந்தச் சொல் முந்தைய சொல்லுக்குப் பின்னால்தான் வந்து நிற்கும். மெக்குவைரின் பக்கத்தில் ஐந்து காலங்கள் உண்மையாகவே ஒரே நேரத்தில் இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது, எதை எதோடு சேர்ப்பது என்பதை என் கண் முடிவு செய்கிறது. இன்று ஒரு வழியாகப் போனால் நாளை வேறு வழி. ராபர்ட் ஜெமெக்கிஸ் 2024இல் இதைப் படமாக எடுத்தார், காமிராவை ஒரே மூலையில் நிறுத்தினார். நான் மிகவும் எதிர்பார்த்துப் பார்த்தேன். திரையில் சதுரங்கள் திறந்தன, ஆனால் எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை இயக்குநர் முடிவு செய்துவிட்டார். காமிக்ஸை ஏழை வீட்டு சினிமா என்று நினைப்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

பத்து நிமிடம் என்ற கணக்கின் பிழையும் இங்கேதான் இருக்கிறது. எழுத்தை வேகமாகப் படித்தால் புரியாமல் போகும், புரியவில்லை என்பது நமக்கே தெரியும். உடனே திரும்பி வருவோம். படத்தை வேகமாகப் பார்த்தால் புரிந்துவிட்டது என்ற எண்ணம் வரும். வாத்திய நுனிகளைத் தவறவிட்டவருக்குத் தான் எதையோ தவறவிட்டோம் என்பதே தெரியாது. ஆகவே காமிக்ஸ் வாசகனுக்கு, தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் பழக்கம் வேண்டும். அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராத பாடத்தை எளிய பாடம் என்று முடிவுகட்டிவிட்டோம்.

'வன்னி' என்ற புத்தகத்தை இந்த வரிசையில் வைக்கும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது. இதை ரசித்தேன் என்று சொல்ல முடியாது. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொல்லாக் வரைந்து 2019இல் வந்தது. டிக்ஸ் ஐ.நா. பணியாளராக இலங்கையின் வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் அரசு உத்தரவின் பேரில் தொண்டு நிறுவனங்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேறியபோது அவரும் வெளியேறினார். பிறகு, தப்பி வந்தவர்களிடம் கேட்ட சாட்சியங்களைக் கொண்டு, 2004 சுனாமியிலிருந்து 2009 வரை ஒரு குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே போகும் கதையாக அமைத்தார்கள். குடும்பம் கற்பனை, அவர்களுக்கு நேர்ந்தவை நடந்தவை.

இங்கே ஏன் படம்? ஏணிக்காரர்கள் 'எளிதாகப் புரிய' என்பார்கள். இந்தப் புத்தகம் யாருக்கும் எளிதாக இல்லை. காரணம் வேறு. போரின் கடைசி மாதங்களில் அந்த நிலத்துக்குள் வெளிப் பத்திரிகையாளர்களின் காமிரா சுதந்திரமாகப் போக வழியில்லை. உயிர் பிழைத்து வந்து பேசியவர்களின் முகத்தைப் புகைப்படமாக வெளியிட்டால் அவர்களுக்கோ ஊரில் இருக்கும் உறவினர்களுக்கோ ஆபத்து. வரைந்த முகம் ஒரு மனிதரின் துயரத்தை முழுமையாகக் காட்டும், அவர் யாரென்று காட்டிக்கொடுக்காது. புகைப்படத்தால் செய்ய முடியாத வேலை இது. எழுத்தில் பெயரை மாற்றலாம், ஆனால் பதுங்குகுழியின் உயரம் எவ்வளவு, குழந்தையை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. படம் ஒவ்வொரு கட்டத்திலும் அதைச் சொல்லியே தீர வேண்டும். காமிக்ஸ் இதழாளர் ஜோ சாக்கோ காசாவில் இதைத்தான் செய்தார். 1956இல் கான் யூனிஸிலும் ராஃபாவிலும் நடந்த கொலைகளைத் தேடி, நேரில் பார்த்த முதியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக வரைந்து, அவர்களின் நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களையும் மறைக்காமல் 2009இல் புத்தகமாக்கினார். இதழியலில் எத்தனையோ பேர் செய்யத் தயங்கும் நேர்மை அது.

'பீமாயண'த்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது தமிழிலும் வந்திருக்கிறது, கையில் எடுத்துப் பார்க்கலாம். அம்பேத்கரின் வாழ்க்கை அனுபவங்களை துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் தங்கள் கோண்டு மரபு ஓவிய முறையில் வரைந்த புத்தகம், 2011. அவர்கள் கட்டம் போடவே மறுத்துவிட்டார்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க விருப்பமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பேச்சுக்குமிழிகளைப் பாருங்கள்: மென்மையான பேச்சு பறவை வடிவக் குமிழியில் வருகிறது, சாதிவெறிப் பேச்சு தேள்கொடுக்குள்ள குமிழியில். தண்ணீர் கேட்ட சிறுவனுக்குக் கிடைத்த பதிலைப் படிக்கும் முன்பே கொட்டிவிடுகிறது. கோண்டு ஓவியர்கள் இந்தக் கலைக்குள் வந்தவுடன் அதன் இலக்கணத்தையே மாற்றினார்கள். ஒரு கலையின் பாலபாடத்தில் அப்படி நடக்காது.

இந்த ஏணி எங்கிருந்து வந்தது என்பதையும் பேச வேண்டும். 1954இல் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் அமெரிக்கச் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பயந்த பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஒவ்வாத எதுவும் காமிக்ஸில் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கானதை வரைந்த பதிப்பகங்கள் முடங்கின. இப்படிக் காமிக்ஸைப் பல பத்தாண்டுகள் குழந்தைகள் அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, பிறகு அது வளரவே இல்லை என்றார்கள். வெர்தம் தன் நோயாளிகளின் கூற்றுகளைத் திரித்தும் கலந்தும் எழுதியிருந்தார் என்று கரோல் டில்லி என்ற ஆய்வாளர் 2012இல் அவருடைய காகிதங்களைக் கொண்டே காட்டினார். அந்தத் தணிக்கை இல்லாத ஜப்பானில் என்ன நடந்தது? ஹிரோஷிமாவில் ஆறு வயதில் குண்டுவீச்சிலிருந்து தப்பிய கெய்ஜி நகாசாவா 1973இல் அந்த அனுபவத்தைத் தொடர் காமிக்ஸாக வரையத் தொடங்கினார். வந்தது ஒரு சிறுவர் வார இதழில். அங்கே யாரும் அதைச் சிறுவர் சமாச்சாரம் என்று ஒதுக்கவில்லை.

தணிக்கையின் கதை அமெரிக்காவுடையது. நமக்கு ஏன் அந்த ஏணி? தினத்தந்தியில் 'கன்னித்தீவு' 1960இல் தொடங்கியது. தேநீர்க் கடையில் காலைப் பேப்பரைப் பங்கு போட்டுக்கொண்டு அதைப் பார்த்தவர்கள் பெரியவர்கள். திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில், முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை விதானத்தில் வரிசை வரிசையாக வரைந்திருக்கிறார்கள். ஒரே அரசன் அடுத்தடுத்த காட்சியில் மீண்டும் மீண்டும் வருகிறான். காட்சிகளோடு தமிழில் விளக்க வரிகள். சிங்காதனம் என்ற ஓவியர் தன் பெயரையும் பதிந்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வரைந்தது என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் அந்த வரிகள் யாருக்காக? படமும் எழுத்தும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லும் என்று அறிந்த ஒரு சமூகம் அதை வரைந்தது. கீழே நின்று அந்த வரிசையைத் தொடர்ந்து நடந்தவர்கள் எந்தப் படியிலும் நிற்கவில்லை.

என் சொந்தக் கூட்டத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் என்று சிவகாசியிலிருந்து வந்த புத்தகங்களோடு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் பேனா பிடித்தவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே கட்டுரைதான்: இரும்புக்கை மாயாவி, பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தது, பழைய பேப்பர் கடையில் தேடியது. அந்த நினைவுகள் எனக்கும் உயிர். ஆனால் காமிக்ஸ் என்றால் பால்யம் என்று நாமே ஓயாமல் எழுதிவிட்டு, பிறர் அப்படிச் சொல்லும்போது வருத்தப்படுவது எப்படிச் சரியாகும்? அதே சிவகாசியிலிருந்து இன்று பெரியவர்களுக்கான எத்தனையோ பிரெஞ்சு, இத்தாலியக் கதைகள் வண்ணத்தில் வருகின்றன. அவற்றுக்கு வரும் விமர்சனத்தில் கதைச் சுருக்கம் இரண்டு பத்தி, ஓவியத்துக்கு 'ஓவியங்கள் அருமை' என்று ஒரு வரி. கவிதைக்கு 'சொற்கள் அருமை' என்று யாராவது எழுதினால் விடுவோமா? சிலர் இதைத் தாண்டுவதற்காக 'இது காமிக்ஸ் இல்லை, கிராபிக் நாவல்' என்று புதுப் பெயர் சூட்டுகிறார்கள். நாவல் என்ற சொல்லின் நிழலில் நின்று மரியாதை கேட்பதும் அதே ஏணியை ஒப்புக்கொள்வதுதான்.

நண்பர் அடுத்த மாதம் மறுபடி வந்தார். வாதம் செய்யவில்லை. ஷான் டானின் 'தி அரைவல்' புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். 2006இல் வந்தது, ஒரு வார்த்தை கிடையாது. பெட்டியோடு கப்பலேறி, அறியாத ஊரில் இறங்கும் ஒருவனின் கதை. அந்த ஊரின் பெயர்ப் பலகைகள் ஓவியரே உருவாக்கிய எழுத்தில் இருக்கின்றன, உலகத்தில் யாருக்கும் படிக்க வராது. நாற்பது வருட வாசகரும் அந்த அகதியும் அங்கே ஒன்றுதான். ஷான் டானின் தந்தை மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர் என்று மட்டும் சொன்னேன்.

கப்பல் பயணம் வரும் இடத்தில் நண்பரின் கை நின்றது. இரண்டு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேகம், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புத்தகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். காபி ஆறிக்கொண்டிருந்தது. விரலை முதல் மேகத்தில் வைத்து, உதடு அசைய எண்ணத் தொடங்கினார். இடையில் ஒருமுறை கணக்குத் தப்பி முதலிலிருந்து எண்ணினார்.

"அறுபது" என்றார். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "அப்ப ரெண்டு மாசம் கப்பல்லயே இருந்திருக்கான், இல்ல தம்பி?"